சீப்பு கேட்ட சாமி

மகனே, உன் கல்யாணப் பத்திரிகை அச்சாவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் குலதெய்வத்தை நான் ஒரு புத்தகத்திலிருந்து எடுத்தேன். எடுத்தேன் என்பது நானே எனக்குக் கொடுத்துக்கொள்ளும் மரியாதை. உன் அம்மாவைக் கேட்டால் வேறு சொல் சொல்வாள். அதுவும் நாம் வாங்கிய புத்தகம் அல்ல. திருவனந்தபுரம் தம்பானூரில் நான் மானேஜர் என்ற பெயரில் உட்கார்ந்திருக்கும் லாட்ஜில், மாடி அறையில் தங்கிய ஒருவர் குளியலறையில் ஒரு சோப்பையும் கட்டிலில் இந்தப் புத்தகத்தையும் விட்டுவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டார். சோப்பு பெருக்கித் துடைக்கும் லீலாவுக்குப் போயிற்று. புத்தகத்தை அவள் என் மேசையில் வைத்து, “சாரே, இது தலைக்கு வச்சு உறங்கான் கொள்ளாம்” என்றாள். நான் அப்போதே தலைக்கு வைத்துத் தூங்கியிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை.

உலகத்தில் உள்ள புராணக் கதைகளையெல்லாம் அகர வரிசையில் அடுக்கிய மலையாளப் புத்தகம் அது. நான் மலையாளத்தைத் தமிழைப் போலவே பேசுவேன் என்பது உனக்குத் தெரியும். ஆனால் வாசிப்பது பஸ் போர்டு வேகத்தில்தான். கிழக்கேகோட்டை என்று முழுவதும் வாசித்து முடிப்பதற்குள் பஸ் பாதித் தூரம் போயிருக்கும். ஆனாலும் மழைக்காலத்தில் லாட்ஜுக்கு ஆள் வராது. ஈரக் குடை வாசனையில் கொட்டாவி விடுவதைவிட, சாமிகளோடு இருக்கலாமே என்று வாசிக்க ஆரம்பித்தேன். ஒரு பக்கம் எடுத்தால் அடியில் ‘நோக்குக’ என்று இன்னொரு தலைப்பு போட்டிருக்கும். கடலைப் பார்க்கப் போனால் படைப்பைப் பார் என்னும். படைப்பைப் பார்த்தால் முட்டையைப் பார் என்னும். முட்டைக்குப் போனால் மறுபடியும் கடலைப் பார் என்னும். தாலுகா ஆபீசில்கூட என்னை இப்படி அலையவிட்டதில்லை.

ஆனால் உள்ளே என்னென்ன இருக்கிறது தெரியுமா! சீனாவில் அடுப்படிக்கு ஒரு சாமி. அந்த வீட்டில் யார் என்ன பேசினார்கள் என்று வருடக் கடைசியில் மேலே போய்ச் சொல்லிக்கொடுப்பது அவர் வேலை. அதனால் அவர் கிளம்புமுன் வாயில் தேனைத் தடவிவிடுவார்களாம், இனிப்பானதை மட்டும் சொல்லட்டும் என்று. நம் தெருவில் அந்த வேலையைச் செய்யும் மூன்று பேரை எனக்கே தெரியும். தேன்தான் யாரும் தடவுவதில்லை. வட நாட்டுப் பனிப் பிரதேசத்தில் இடி இடிக்கும் சாமி ஒருவர், சுத்தியல் களவு போய்விட்டதென்று மணப்பெண் வேஷம் கட்டிக்கொண்டு எதிரி வீட்டுக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து ஒரு முழு மாட்டைத் தின்றிருக்கிறார். தீவுக்காரர் ஒருவர் சூரியனைக் கயிறு போட்டுக் கட்டி அடித்து, மெதுவாகப் போ என்று மிரட்டியிருக்கிறார். எதற்கு? அவருடைய அம்மா காயப்போட்ட துணி காயவில்லையாம். இதை உன் அம்மாவிடம் சொன்னேன். கொடியில் மூன்று நாளாக நாறிக்கொண்டிருந்த என் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, “இஞ்சேருங்க, அது மகன். நம்ம வீட்டுலயும் ஒண்ணு இருக்கே, துணியை அவுத்துப் போடத்தான் தெரியும்” என்றாள். அது நீதான். நான் அல்ல என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படி நான் சந்தோஷமாக இருந்தபோதுதான் ஆதிராவின் அம்மா நம் வீட்டுக்கு வந்தார்கள். நீ பெங்களூரிலிருந்து ‘எல்லாம் பேசியாச்சுப்பா, சும்மா மரியாதைக்கு வராங்க’ என்று சொல்லிவிட்டாய். மரியாதைக்கு வந்தவர்கள் முதல் வாழைக்காய் பஜ்ஜியைக் கடித்ததுமே நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்கள். “அண்ணாச்சி, ஞங்ஙள்க்கு ஜாதகமொந்நும் வேண்டா. தமிழோ மலையாளமோ, அதும் பிரஸ்னமில்ல. பக்ஷே குடும்ப தெய்வத்தெ மறந்நிட்டு ஒரு கல்யாணம் பற்றில்ல. நிங்ஙளுடெ தெய்வம் எவிடெயா?” ஜாதகம் வேண்டாம், பாஷையும் பிரச்சினை இல்லை, ஆனால் குலதெய்வத்தை விட்டுவிட்டுக் கல்யாணம் கிடையாது. முதல் பத்திரிகையை அங்கே வைக்க வேண்டும், கல்யாணம் முடிந்த கையோடு பிள்ளைகளை அங்கே அழைத்துப் போக வேண்டும். கணவர் இல்லாமல் தனியாக வளர்த்த ஒரே பெண்ணை, பார்த்தறியாத குடும்பத்துக்குக் கொடுக்கும் ஒரு தாய் வேறு என்னதான் கேட்பாள்? அந்தச் சாமியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டால் அவருக்கு ஒரு நிம்மதி. நியாயமான கேள்வி.

நியாயமான கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. உன் தாத்தா வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து ஓட்டல் வேலைக்கு இந்த ஊருக்கு வந்தவர். காலையில் திருநீறு பூசும்போது, “நம்ம சாமி பாத்துக்கிடும்” என்பார். எனக்குக் காய்ச்சல் வந்தாலும் நம்ம சாமி, நான் பரீட்சையில் கோட்டை விட்டாலும் நம்ம சாமி. அதுதான் சாமியின் பெயர் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பெயர் அது அல்ல என்று புரிகிற வயதில், சாமி இல்லை என்று பேசித் திரிகிற கூட்டத்தோடு சேர்ந்துவிட்டேன். கூட்டம் கலைந்து நான் திரும்பி வருவதற்குள் தாத்தா போய்விட்டார். லாட்ஜுக்கு வருகிறவர்களிடம் ஊர், தெரு, அப்பா பெயர் என்று அத்தனையும் கேட்டு எழுதச் சொல்லி மிரட்டுகிறவன் நான். என் குலதெய்வம் எது என்று என்னை யாரும் கேட்டதில்லை, அன்று வரை. அந்தப் புத்தகத்தில்கூடத் தேடிப் பார்த்திருந்தேன். நம் பக்கத்துப் பெரிய சாமிகளுக்கெல்லாம் முழுப் பக்கம். நம் மாதிரி வீட்டுச் சாமிகள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே ஒரு பத்தி. சீசன் நேரத்தில் ஒரே அறையில் எட்டுப் பேரைப் படுக்கவைக்கிற மாதிரி.

‘தெரியாது’ என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்ததும் அதற்குத்தான் திறந்தேன். வந்தது, “அது ஒரு அம்மனாக்கும்.” அம்மனுக்குப் பெயர்? அன்று மத்தியானம்தான் பனிக்கடல் ஓரத்தில் வாழும் இனூயிட் மக்களின் கடல் தாயைப் பற்றி வாசித்திருந்தேன். செட்னா என்று பெயர். நாக்கு அதை எடுத்து, நம் ஊர் மஞ்சளைப் பூசி, “செடனாச்சி அம்மன்” என்று வெளியே வைத்துவிட்டது. ஆதிராவின் அம்மா பஜ்ஜியைக் கீழே வைத்தார்கள். “செட்டிநாட்டம்மயோ?” உள்ளே உன் அம்மாவுக்குப் புரையேறியது எனக்குக் கேட்டது. நான் விடவில்லை. “செட்டிநாடில்ல. செடனாச்சி. பாவம், அப்பனே கொன்னுபோட்ட பொண்ணு.”

பிறகு கதையைச் சொன்னேன். புத்தகத்தில் இருந்ததை அப்படியே சொன்னேன், பனியை மட்டும் எடுத்துவிட்டேன். படகில் அப்பனும் மகளும் போகிறார்கள். காற்று அடிக்கிறது, படகு கவிழப் போகிறது. தன் உயிர் பிழைக்க அப்பன் மகளைத் தண்ணீரில் தள்ளிவிடுகிறான். அவள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறாள். அவன் அவள் விரல்களை வெட்டுகிறான். விழுந்த விரல்கள் எல்லாம் கடலில் வாழும் உயிர்களாகின்றன. அவள் அடியில் போய் இருக்கிறாள். மேலே மனிதர்கள் செய்யும் தப்பெல்லாம் அழுக்காக இறங்கி அவள் தலைமுடியில் சிக்கிக்கொள்ளும். அவளுக்குக் கோபம் வரும், மீன் கிடைக்காது. ஆனால் தலை வார அவளுக்கு விரல் இல்லையே! அப்போது சாமியாடுகிற ஒருவர் அவ்வளவு ஆழம் இறங்கிப் போய், அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சீப்பால் முடியைச் சிக்கெடுத்து வாரிவிடுவார். வாரி முடித்தால் கோபம் தணியும். “அதுனால எங்க சாமிக்குச் சீப்புதான் வழிபாடு” என்று முடித்தேன். சொல்லும்போதே எனக்கு ஒரு குழப்பம். தெற்கே நாம் கும்பிடும் பெண் சாமிகளில் பாதிப் பேருக்கு இதே கதைதானே? அப்பனோ அண்ணனோ கொன்றிருப்பான், கொன்றவனின் பேரன்மார் பொங்கல் வைப்பார்கள். ஆதிராவின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஞான் கேட்டிட்டுண்டு அண்ணாச்சி, இது பழைய கதையாணு” என்றார்கள். எங்கே கேட்டிருப்பார்கள்? நான் எதற்குத் தலையாட்டினேன்?

அவர்கள் போன பிறகு புத்தகத்தை மறுபடியும் எடுத்தேன். வேறு ஒன்று மனதில் வந்து உட்கார்ந்துகொண்டது. நீ கோயம்புத்தூருக்குக் கல்லூரியில் சேரப் போன அன்று, உன் கையை ரயில் ஜன்னல் கம்பி வழியாக வெளியே நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். வண்டி நகர ஆரம்பித்தது. நீ விடவில்லை. நான் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டு, “விடுடே, கையில அடிபட்டுரும்” என்றேன். அடிபடும் என்பது உண்மைதான். லாட்ஜ் முதலாளி வருகிற நேரம் ஆகிவிட்டது என்பதும் உண்மைதான். இதில் எந்த உண்மை விரலைப் பிரித்தது என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை. கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனிடம் அப்பன் தெளிவான புத்திமதி நாலு சொல்ல வேண்டும். எனக்கு வருவது இதுதான்: யாருடைய விரலையாவது பிரித்துவிட நேர்ந்தால், காரணம் ஒன்றே ஒன்று என்று மட்டும் உன்னை நீயே நம்பவைத்துக்கொள்ளாதே. இது புத்திமதிதானா என்றும் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

பொய்யைச் சொல்லிவிட்டால் அது சும்மா கிடக்கும் என்று நினைத்தேன். அது வளர ஆரம்பித்தது. ஆதிராவின் அம்மா கைவினைப் பொருள் கடைக்குப் போய் சந்தனமரத்தில் ஒரு சீப்பு வாங்கி, சிவப்புப் பட்டுத் துணியில் சுற்றி, பூஜை அறையில் வைத்துவிட்டார்கள். போட்டோ அனுப்பினார்கள். கூடவே, ‘இனி எப்போழா போகுந்நது?’ என்று கோயிலுக்கு நாள் கேட்டு ஒரு குரல் செய்தி. அச்சகத்துக்காரர் ஒரு பக்கம்: “அண்ணாச்சி, பத்திரிகைக்கு மேலே ‘துணை’ன்னு போட்டிருக்கேன். யாரு துணைன்னு சொல்லல்லியே? திங்களாழ்ச்சைக்குள்ள வேணும் கேட்டோ.” என்னிடமோ பெயர் தயார், கோயில் இல்லை. இதற்குள் இன்னொன்று நடந்தது; யாரிடமும் சொல்லாதே. லாட்ஜில் லிப்ட் பாதியில் நின்று நான் உள்ளே மாட்டிக்கொண்டபோது, இருட்டில் என் வாயில் வந்தது “செடனாச்சி, காப்பாத்து தாயே” என்றுதான். லிப்ட் உடனே ஓடியது. நான் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும்?

கடைசியில் வள்ளியூருக்கு ரயில் ஏறினேன். உன் அம்மாவிடம் லாட்ஜ் வேலை என்று சொன்னேன். நம் இரத்தத்தில் மிச்சம் இருக்கிற ஒரே ஆள் அத்தைதான், தாத்தாவின் தங்கை. காது பாதி கேட்கும். வாய்க்கு ஒரு குறையும் இல்லை. “வாங்க மருமகனே, செத்தனா இருந்தனான்னு பாக்க வந்தியளா?” என்று வரவேற்றாள். நான் குலதெய்வத்தின் பெயர் கேட்டேன். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. “என்னை இந்த வீட்டுல கட்டிக்கொடுத்த அன்னைக்கே உங்க சாமிய அந்த வாசல்ல எறக்கி வச்சிட்டுல்லா வந்தேன்! உங்க மாமாவுக்கு எது சாமியோ அதுதான் எனக்குச் சாமி. அங்கன உள்ளதை இங்கன நெனச்சா குடும்பம் வெளங்குமா? நான் நெனைக்கப்படாதுன்னே மறந்துட்டேன். பொம்பளப் பிள்ளைட்ட வந்து கேக்கியளே, வெக்கமா இல்ல?”

நான் பெயரை விட்டுவிட்டு வேறு பக்கமாகப் போனேன். “ஒரு பொண்ணை அவ அப்பன் வெள்ளத்துல தள்ளிவிட்டானே, அந்தச் சாமி இல்லையா அத்தை?” என்று காதருகில் கத்தினேன். அத்தையின் முகம் மாறியது. “ஆமா மருமகனே. அந்த வெள்ளத்தை மறக்க முடியுமா? எத்தன உசிரு! ஒரு சின்னப் பிள்ளையும் போச்சுன்னு எங்கம்மை அழுதா.” நான் இன்னும் காதருகில் குனிந்தேன். “சீப்பு வைப்பாங்களா?” “அம்மனுக்குச் சீப்பு வைக்காம? சீப்பு, கண்ணாடி, வளையல் எல்லாம் வைக்கணும்லா.” பனிக்கடல் ஓரத்துக் கதையும் வள்ளியூர்க் கதையும் ஒன்றாகிவிட்டன. நான் பொய் சொல்லவே இல்லை. தெரியாமல் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறேன். ஸ்டேஷனுக்கு நடந்தபோது கால் தரையில் படவில்லை.

ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் நின்று, “அண்ணே, குடிக்கக் கொஞ்சம் வெள்ளம்” என்று கேட்டேன். கடைக்காரர் வடையைத் திருப்பிப் போட்டபடியே, “வெள்ளம் வந்தா நாங்க எங்கவே போவோம்? தண்ணின்னு கேளும். திருவனந்தபுரமாக்கும்?” என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது. நம் ஊரில் நமக்கு வெள்ளம் என்றால் தண்ணீர். அத்தைக்கு வெள்ளம் என்றால் ஊரை அடித்துக்கொண்டு போகும் பெருவெள்ளம். நான் அப்பன் மகளைத் தண்ணீரில் தள்ளியதைக் கேட்டேன். அவள் என்றோ ஆற்றில் வந்த வெள்ளத்தைச் சொல்லியிருக்கிறாள். சீப்போ, எல்லா அம்மனுக்கும் வைப்பதுதான். நான் வாங்கிக்கொண்டு வந்த சாட்சி, ஒரு டம்ளர் தண்ணீரில் கரைந்துவிட்டது.

ஆக, மகனே, நான் இப்போது நிற்கிற இடம் இது. உண்மையைச் சொன்னால் ஆதிராவின் அம்மா என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. முதல் சந்திப்பிலேயே சாமி விஷயத்தில் பொய் சொன்ன வீட்டில் பெண்ணைக் கொடுக்க யாருக்கு மனம் வரும்? சொல்லாவிட்டால், கல்யாணம் முடிந்த மறுவாரம் சந்தனச் சீப்போடு அவர்கள் காரில் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். நான் டிரைவரிடம் எந்தப் பக்கம் திரும்பச் சொல்வது? ஏதாவது குளக்கரையில் ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசி வைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். யோசித்தபோது ஒன்று தோன்றியது. எல்லாச் சாமியையும் முதன்முதலில் யாரோ ஒருவர் இப்படித்தானே வாய் தவறிச் சொல்லியிருப்பார்? அந்த ஆளும் என்னை மாதிரி சம்பந்தியம்மா முன்னால் மாட்டிக்கொண்டவனாக இருக்கலாம். அடுத்த நிமிஷமே, எங்கோ இருக்கிற மக்கள் பனியிலும் பசியிலும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கும்பிட்ட தாயை, பஜ்ஜித் தட்டுக்கு முன்னால் நான் பேர் மாற்றி உட்காரவைத்தேனே என்று கூச்சமாகவும் இருந்தது. இரண்டில் எது சரி என்று புத்தகத்தைப் பார்த்தேன். ‘பொய்’ என்ற தலைப்பில், ‘தந்திரம் நோக்குக’ என்று இருந்தது.

நீயே முடிவு செய். உன் பத்திரிகை, உன் கல்யாணம். ஆதிராவிடம் நீ முதலில் சொல். அவள் தன் அம்மாவிடம் எப்படிச் சொல்ல வேண்டுமோ அப்படிச் சொல்வாள். கல்யாணத்துக்கு முன்பே அவளிடம் இப்படி ஒரு வேலையைக் கொடுப்பது சரியா என்று கேட்காதே. சரியில்லைதான். என் மேல் உள்ள கோபத்தை மட்டும் தாலி கட்டும் வரை தள்ளிவை. அதற்குப் பிறகு உனக்குக் கோபப்பட வேறு நிறைய விஷயங்கள் கிடைக்கும்.

இதுவரை எழுதியதை, எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி உன் அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள். இரண்டு இடத்தில் சிரித்தாள், ரயில் ஜன்னல் வந்த இடத்தில் சிரிக்கவில்லை. படித்து முடித்து, “பிள்ளைக்கு முதல் மொட்டை எங்க எடுத்தோம்னு நெனச்சிய?” என்றாள். பழனியில் என்றேன். “அது ரெண்டாவது மொட்டை. முதல் மொட்டை உங்க குலதெய்வம் சாஸ்தாகிட்டதான். கல்யாணம் ஆன மறுமாசமே உங்கப்பா என்னைக் கூட்டிட்டுப் போயி, பேரு, எடம், படையல் எல்லாம் காட்டிக் குடுத்தாங்க. வந்த பொண்ணுட்டதான சொல்லுவாங்க. உங்களுக்கு அன்னைக்கும் லாட்ஜுல சீசன்.” பிறகு ஏன் ஆதிராவின் அம்மா முன்னால் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். “அவங்க முன்னால உங்களை வெட்டிப் பேசச் சொல்லுதியளா? சீப்பு போட்டோ வந்த அன்னைக்கே போன் பண்ணி, ‘அவரு கதை சொல்லுற ஆளு, பேச்சு அப்படித்தான்’னு சொல்லிட்டேன். சிரிச்சாங்க. சீப்பை உங்க மருமகளுக்கு வச்சிருக்காங்களாம். அச்சகத்துக்கும் நேத்தே சாஸ்தா பேரைக் குடுத்தாச்சு.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “நீ அங்கே போய் வந்ததை நான் பார்த்ததே இல்லையே?” என்றேன்.

“வருசா வருசம் பங்குனி உத்திரத்துக்கு நான் எங்க போறேன்னு நெனச்சிய?”

“உன் அம்மா வீட்டுக்கு.”

அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். அவளுடைய அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது.